எதிர்வீட்டுச் சுவரில் ஒரு கொளுக்கி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளச் சலவை அறையில், அன்ரனெற் அக்காவிடமிருந்து கிடைத்தது. அன்று ட்ரையர் ஒன்று பழுது. மற்றது ஓய்வதற்காக இருவரும் காத்திருந்தோம். ஈரப் பெட்சீற்றை மடியில் வைத்தபடி அவர் சொன்னார்:

"இங்கிலாந்திலை நாங்கள் உதை ரோட்டுக்குக் குறுக்காலைதான் காயப்போடுறனாங்கள்."

"ரோட்டிலையோ? கார் வந்தால்?"

"நிக்கும். காருக்கென்ன, நனைஞ்சே கிடக்குது?"

அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். மூன்று தொடக்கங்கள்.

'வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹெயார்ஹில்ஸ் என்றொரு பகுதி உண்டு.' (பாடப்புத்தகம்.)

'குழந்தையின் உடம்பு காய்ச்சலில் கொதித்தது.' (வாசகரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. குழந்தை பிழைத்துவிட்டது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன்தான் ஜூலியஸ், அக்காவின் மகன். இன்று அஜக்ஸில் வீடு வாங்கி, 401 நெடுஞ்சாலையைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போய்வருகிறான்.)

'கடவுள் ஒரு தெருவைக் கட்ட நினைத்தால்' (இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை.)

2

ஹெயார்ஹில்ஸை நான் பார்த்ததில்லை. அக்கா சொன்னதைக் கேட்டேன், நூலகத்தில் கொஞ்சம் படித்தேன், கணினி வரைபடத்தில் தெருத்தெருவாக நகர்ந்து பார்த்தேன்.

தொழிலாளிகளுக்காக நூறு வருடங்களுக்கு முன் கட்டிய செங்கல் வீடுகள். ஒரு வரிசை வீடுகளும் அதன் பின்வரிசை வீடுகளும் ஒரே முதுகுச்சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன. பின்கதவு கிடையாது, பின்வளவு கிடையாது. எல்லாருக்கும் முன்னால் இருக்கும் தெரு மட்டும்தான். ஆகவே துணி காயவேண்டுமென்றால் கயிற்றின் ஒரு முனை உங்கள் சுவரில், மறுமுனை எதிர்வீட்டுச் சுவரின் கொளுக்கியில்.*

அந்தப் பக்கத்துக்கு அயர்லாந்துக்காரர் வந்தார்கள். யூதர்கள் வந்தார்கள். கரிபியன் தீவுகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தார்கள். பின்னர் கிழக்கு ஐரோப்பியர். ஆளுக்கொரு கடவுள், ஆளுக்கொரு சமையல் மணம். அங்கே கலவரங்களும் நடந்திருக்கின்றன, வாகனங்கள் எரிந்திருக்கின்றன. அதை விட்டுவிட்டு எழுதினால் நான் அந்தத் தெருவுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று அர்த்தம். ஆனால் அத்தனை கோபத்துக்குப் பிறகும் தோய்த்த துணியோடு வெளியே வந்தவர், எதிர்வீட்டுக்காரரின் சுவரைத்தானே நம்பவேண்டியிருந்தது?

(* முதலில் 'ஆணி' என்று எழுதியிருந்தேன். அக்கா திருத்தினார்: "ஆணியெண்டால் சீலை கிழிஞ்சுபோம். கொளுக்கி.")

3

தொண்ணூறாம் ஆண்டளவில் அன்ரனெற் அக்காவும் கணவர் அருள்நாயகமும் அந்தத் தெருவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். குழந்தை ஜூலியஸுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. தெருமுனையைத் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஓடியவர் நின்றுவிட்டார். தெருவுக்குக் குறுக்கே கயிறு.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தால் அது சென்றி, துவக்கோடு ஆள் நிற்கும் சோதனைச்சாவடி. நிற்கவேண்டும், அடையாள அட்டையை எடுத்து நீட்டவேண்டும், போ என்று ஒருவன் சொல்லும்வரை அசையக்கூடாது. அக்கா அதைத்தான் செய்தார். ஒரு கையில் துடிக்கும் குழந்தை, மறுகையில் இலங்கை அடையாள அட்டை, முன்னால் யாரோ ஒருவரின் வெள்ளைப் பெட்சீற்.

இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது ஜூலியஸும் இருந்தான்.

"அம்மா, சீரியஸ்லி? கீழாலை குனிஞ்சு போயிருக்கலாமே?"

"குனிஞ்சு போனால் சுடுவாங்களடா."

"ஆர், பெட்சீற்றோ?"

"சிரி, சிரி. உன்னைத்தான் தூக்கிக்கொண்டு நிண்டனான்."

அவன் சிரிக்கவில்லை.

ஒரு பெண் கதவைத் திறந்து வந்தார். அட்டையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். நேரே சுவருக்குப் போய்க் கொளுக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றி விட்டார். அவர் தோய்த்த அத்தனை வெள்ளைத் துணியும் அழுக்குத் தெருவில் விழுந்தது. பிறகு தெருமுனையை நோக்கிக் குரல் கொடுத்தார். கதவுகள் திறந்தன. ஒரு கயிறு, அடுத்த கயிறு, அதற்கடுத்தது. தெரு நீளத்துக்கும் துணிகள் செங்கடல் பிளந்ததுபோல விலக, வானம் தெரிந்தது.

['செங்கடல் பிளந்ததுபோல' என்று எழுதி வெட்டினேன். நான் சைவ சமயத்துக்காரி, பைபிளின் அந்த உவமையை எடுக்க எனக்குக் கூச்சம். அக்கா திரும்பப் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.]

4

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஜூலியஸின் மகள் ஸ்டெபனிக்கு வருகிற மே மாதம் 'முதல் நன்மை', கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அன்றைய பூசையை, கயிற்றைக் கழற்றிய அந்தப் பெண்ணுக்காக ஒப்புக்கொடுக்கவேண்டும், அவருடைய பெயர் கோயிலில் வாசிக்கப்படவேண்டும். அக்காவுக்கு வேறு ஆசை இல்லை. பெயர்தான் தெரியாது.

"பிறகு போய்க் கதைக்கேல்லையோ அக்கா?"

"போனனான். கேக்கும் கொண்டுபோய்க் குடுத்தனான். அங்கை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' எண்டுதான் கூப்பிடுறது. அவ என்னை லவ் எண்டா, நானும் அவவை லவ் எண்டன். அதோடை கனடா விசா சரிவந்திட்டுது."

நான் கதைக்காக டொறத்தி என்று ஒரு பெயர் வைத்தேன்.

"ஆர் உந்த டொறத்தி?"

"அந்த மனுஷிதான். கதையிலை ஒரு பேர் வேணுமெல்லே."

"நீர் கதைக்கு வையும். பூசைக்கு வைக்கேலாது. பிறக்காத ஒருத்திக்குப் பூசை வைச்சால், பிறந்தவ எங்கை போறது?"

எங்கள் கோயிலிலும் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். ஐயர் கேட்டவுடன் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஒரு பெயரைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய பேறு என்று இத்தனை வயதுக்குப் பிறகு அன்றுதான் விளங்கியது.

5

முடிவு ஒன்று: அவர் இன்னும் அதே வீட்டில், யன்னலோரம்

முடிவு இரண்டு: சில வருடங்களுக்கு முன், ஒரு மழைநாளில், அவருடைய

இரண்டையும் அக்கா பாதியிலேயே நிறுத்தினார். "இருக்கிறவவைச் சாக்காட்டாதையும். செத்தவவை யன்னலிலை இருத்தாதையும்."

ஜூலியஸ் ஒரு வழி சொன்னான். "அந்த ஸ்ட்ரீற்றிலை இருந்த எல்லாருக்கும் எண்டு குடுங்கோவன் அம்மா."

"எல்லாருக்கும் குடுப்பன். முதல் கயிறு கழட்டினது எல்லாருமோ?"

கடைசியில் பங்குச் சுவாமியிடம் போனோம். பொறுமையான மனிதர். "பேர் வாசிக்கிற இடத்திலை நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிக்கிறன் அம்மா. ஆண்டவருக்குத் தெரியும்தானே" என்றார்.

"ஆண்டவருக்குத் தெரியும் ஃபாதர்," என்றார் அக்கா. "எனக்கும் தெரியவேணும்."



6

'இன்றைய திருப்பலி                          அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.'

அந்த வெற்றிடத்தில் நான் எழுதியிருந்ததை அக்கா பேனையால் வெட்டிவிட்டார். நிரப்பாமலே அச்சுக்கு அனுப்புகிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது லீட்ஸில் இருப்பீர்கள். தமிழர் இல்லாத ஊர் ஏது? மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஹெயார்ஹில்ஸ் பக்கம் போனால், வயதான பெண்கள் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கையில் ஓர் அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தாயை யாருக்காவது நினைவிருக்கிறதா என்று. இந்தக் கதையை முடிக்கும் வேலை உங்களுடையது. என்னால் முடியாது.

அன்ரனெற் அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று:

"கதவைத் திறந்த உடனை, முதல் உங்கடை பேரைச் சொல்லுங்கோ. நான் சொல்லாமல் வந்திட்டன்."