மதுக்கரைக் கள்ளிமுளையானின் தகப்பன்

நம் பக்கம் பெண் கேட்டுப் போனால், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்பே என்ன கூட்டம், என்ன குலம் என்று கேட்டுவிடுவார்கள். செடிக்கும் அதே கதிதான். மதுக்கரைப் பாறைகளில் புதிதாகத் தலைகாட்டிய கலப்புக் கள்ளிமுளையான் செடிக்குத் தாய் யாரென்று தெரிந்துவிட்டது, அந்த மலையின் ஒல்லி வகை. தகப்பன் நாலு பட்டைத் தடியன் வகை என்றது ஆய்வகம். அந்தத் தடியன் அந்த மலையிலேயே கிடையாது.

பீளமேட்டுக் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஜோஸ்லினுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தடியன் வளர்வது பெரியநாயக்கன்பாளையத்தில், அவள் வீட்டு மதிலோரம். மலையேறும்போது பசிக்குக் கடித்துக்கொள்ள அவள் அண்ணன் பெனடிக்ட் அதைத்தான் ஒடித்து ஜீன்ஸ் பையில் திணித்துக்கொள்வான். துண்டு விழுந்தாலே வேர்விடும் சாதி. ஆறு வருஷத்துக்கு முன் மதுக்கரை மலைக்குப் போனவன் திரும்பவில்லை. போலீஸ் தேடிக் கைவிட்டது. அம்மா சாராள் மட்டும், மகன் வருவான் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஆடு மேய்க்கும் ஐயாசாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜோஸ்லின் மலையேறினாள். கள்ளிமுளையான் பூ அழுகின கறியாக நாறும். மகரந்தம் சுமப்பவை ஈக்கள். ஈ போகிற வழியில் போனால் தகப்பன் அகப்படுவான். உச்சி வெயிலில் காற்று செத்துக் கிடந்தது. ஈக்களின் இரைச்சல் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

"அம்மணி, அந்தச் சந்துக்குள்ள ஆடுகூட எறங்காதுங்க," என்றார் ஐயாசாமி.

அவள் இறங்கினாள். பாறைச் சந்தில் தடியன் ஆள்நீளத்துக்கு மண்டிக் கிடந்தது, தோள் இருக்கவேண்டிய இடத்தில் அகன்று, கீழே இரண்டாகப் பிரிந்து. கறுத்த பூக்கள் அத்தனையும் விரிந்திருந்தன. அடியில் நீல ஜீன்ஸ் துணி. வேர் புறப்பட்டது அதன் பையிலிருந்துதான். ஜோஸ்லினுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கூடப்பிறந்தவனைப் பார்த்தா பயந்தோம் என்று பிறகு வெட்கப்பட்டாள்.

ஐயாசாமி போலீசுக்குப் போன் போட்டார். அவர்கள் போய்க் கதவைத் தட்டுவதற்குள் அம்மாவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்கு ஓடினாள்.

மகளின் முகத்தைப் பார்த்ததுமே சாராள் கையை நீட்டித் தடுத்தாள். "சொல்லிப்போடாத கண்ணு. நீ சொல்லாத வரைக்கும் அவன் எங்கியோ இருப்பான்."

ஜோஸ்லின் சொன்னாள்.

சாராள் கேட்டாள். "அத்தன வருசமும் ஒண்டியாவா கெடந்தான்?"

"இல்லீங்கம்மா. அண்ணனச் சுத்தி, பாற பூராவும், குஞ்சுங் குளுவானுமா மொளைச்சுக் கெடக்குதுங்க."

"அப்ப அதுகள ஆரும் புடுங்காமப் பாத்துக்க," என்றாள் சாராள்.