கல்லில் ஏறாத பேர்

வினிஃபிரெட் லாவெல் லிவர்பூலிலிருந்து கப்பல் ஏறி, மூன்று பஸ் மாறி, அயர்லாந்தின் மேயோவிலிருக்கும் அந்தப் பங்குக் கோயில் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் எழுபத்தி நாலு வயசு முட்டி இரண்டும் கெஞ்சிவிட்டன. கைப்பையில் ஒரு பழைய போட்டோ. அப்பா ஃபெஸ்டஸை அடக்கம் செய்த மறுநாள் அவருடைய ஜெபப் புத்தகத்திலிருந்து விழுந்தது. இதே கோயில் வாசலில் இளவட்டமாக அப்பா. பக்கத்தில் ஒரு பெண், அவள் கையில் பச்சைக் குழந்தை. பின்பக்கம், 'ஃபெஸ்டஸ், டீலியா, குட்டி நோரா. 1938.' அதற்கு மறு வருஷம்தான் அப்பா இங்கிலாந்துக்கு வந்தார்.

வேறென்ன நினைப்பாள் மனுஷி? ஊரில் பெண்டாட்டி பிள்ளையைத் தவிக்கவிட்டு வந்து நம்ம அம்மாவை ஏமாற்றிவிட்டாரே பாவி என்று குமுறினாள். அம்மாவின் கல்லறைக் கல்லில், அம்மா பேருக்குக் கீழே அப்பாவுக்கென்று இடம் விட்டிருந்தது. அதில் ஓர் எழுத்தும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இருபத்தஞ்சு வருஷமாக அது வெறும் கல்தான்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அட்ராக்டா போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

"இதான் மூத்த சம்சாரமா? மறைக்காம சொல்லிடும்மா. மனசைக் கல்லாக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் வினிஃபிரெட்.

"சம்சாரமா! யாரு சொன்னாக்கா?"

"குழந்தை அவ கையிலதானே இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன், இவ பெத்தவளே இல்ல. அப்பல்லாம் பொறந்த மூணாம் நாளே ஞானஸ்நானம். பெத்தவ சாமியார்கிட்ட ஆசீர்வாதம் வாங்குற வரைக்கும் பூசைக்கே வரமாட்டா, வீட்டுலயே கெடப்பா. ஞானத்தாய்தான் புள்ளையத் தூக்கிட்டு வருவா. இங்கிலீஷ்காரிக்கு இது எங்க தெரியப்போவுது!"

பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தாள். நோரா. தகப்பன் அந்தோனி கின்டி, தாய் சபீனா. ஞானப் பெற்றோர்: ஃபெஸ்டஸ் லாவெல், அவர் தங்கை டீலியா லாவெல்.

"இது உங்க சொந்த அத்தைதான்க்கா!"

அப்படியும் மனசு கேட்குமா? அப்பாவின் ஞானஸ்நானப் பதிவையும் எடுக்கச் சொன்னாள். எந்த ஊரில் தாலி... சே, மோதிரம் மாற்றினாலும், பிறந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கு எழுதி, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். ஓரத்தில் ஒரே ஒரு கல்யாணம். ஊர் லிவர்பூல், பெண் வினிஃபிரெட்டின் அம்மா.

வினிஃபிரெட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது. அட்ராக்டா கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் புருஷன் லெஸ்லிக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அந்தக் கல்லு வெட்டுறவர் இருக்காரா?"

"இருக்கான். எதுக்கு?"

"அப்பா பேரை வெட்டணும். அவர் ஒரு தப்பும் பண்ணலைங்க. நான்தான் பண்ணிட்டேன்."



"பாவம், மாமா இருபத்தஞ்சு வருஷமா வாசல்லயே நிக்கிறாரு வின்னி. நாளைக்கு உள்ள கூப்பிட்டுடுவோம்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே கெளம்புங்க!"