பவுண் பெட்டியின் மூடி

கனகலிங்கம் கட்டப்போகும் தாலிக்குப் பொன்னுருக்கும் நேரம் முடியக் கால் மணித்தியாலந்தான் இருந்தது. பந்தலில் உமிச்சட்டி கனன்றது. பத்தர் தம்பிஐயா ஊதுகுழலோடு காத்திருந்தார். உருக்க வேண்டிய பவுண் மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளையின் தாய் சீவரத்தினம் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் கணவர் இளையதம்பி பலாமரப் பெட்டியொன்றை மடியில் இடுக்கிக்கொண்டு அதன் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மலாயாவில் பென்சன் எடுத்து வந்த நாள்முதல், ராசா தலை பொறித்த அந்த எட்டுப் பவுண் காசுகளும் அவளுக்குச் சக்களத்திகள். ஒன்றில் உள்ள வருஷம் மற்றதில் இராது, தேடித்தேடிச் சேர்த்தவை. சுருட்டுத் தகரத்தில் வைத்தார், ஒன்றோடொன்று உரசுகிறதாம். அவள் பட்டுப்பை தைத்துக் கொடுத்தாள், சாயம் ஒட்டுமாம். பஞ்சு ஈரம் குடிக்குமாம். கடைசியில் சித்திரை வெயிலில் தச்சனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பவுணுக்கும் ஒரு குழியும் மேலே இழுப்பு மூடியுமாக இந்தப் பெட்டியைச் செய்வித்தார்.

"கொஞ்சம் இளக்கமா விடுவம் ஐயா, மாரிக்குப் பலகை ஊதும்" என்று தச்சன் சொன்னான்தான்.

"எறும்பும் நுழையப்படாது" என்றார் இவர்.

இது கார்த்திகை மழை. எறும்பும் நுழையவில்லை; பவுணும் வெளியே வரவில்லை.

"இஞ்சாருங்கோ, உடையுங்கோ."

"பொறும். ரெண்டு நாள் வெயில் எறிச்சா இளகும்."

"அதுமட்டும் பத்தர் குந்தியிருப்பாரோ? இதை விட்டா வேறை நாளில்லையெண்டு ஐயர் சொன்னவர். பெடியன் வெறுங்கயித்தையே கட்டுறது?"

வெளியிலிருந்து பத்தர் குரல் கொடுத்தார். "அம்மா, ஒரு காப்பெண்டாலும் தாங்கோவன்."

"போட்டுக் கழட்டின பொன்னிலை என்ரை மருமகளுக்குத் தாலியோ? பவுண்தான் உருக்கோணும்!"

"உளி வைச்சா பவுணிலை கீறல் விழுமப்பா" என்று முனகினார் இளையதம்பி.

சீவரத்தினம் குசினிக்குள் போய்த் தேங்காய் உடைக்கிற கத்தியோடு வந்தாள். அதைக் கண்டதும் அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, உதை அங்காலை வையும்! நானே திறக்கிறன்."

குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல் உளியை வைத்துத் தட்டினார். மூடி நெடுக்காகப் பிளந்தது. எட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, முதல் சம்பளத்தில் வாங்கியதைத் தாமாகவே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாரும், ராசாவின்ரை மூக்கிலை கீறிப்போட்டுது!"

"உருகப் போற ராசாவுக்கு மூக்கென்ன, முழியென்ன!" அவள் பறித்துக்கொண்டு ஓடினாள். பிளந்த மூடியையும் விட்டுவைக்கவில்லை; "இதையும் எரியுங்கோ" என்று உமிச்சட்டியில் போட்டாள்.

நேரம் தப்பவில்லை. பவுண் இளகி முத்தாய்த் திரண்டபோது இளையதம்பி சால்வையால் கண்ணைத் துடைத்தார். புகையாக இருக்கலாம். அவளுக்குக் கோபம் பாதி இறங்கிற்று. மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார்.

"இஞ்சாரும், கண்ணாடி மூடி போட்டா மாரிக்கு ஊதாதுதானே?"