மச்சான் என்னும் பாடப்பிரிவு

கல்லூரியின் பாட வீடியோக்களைக் கேட்டு, பேச்சை வைத்தே தலைப்புவாரியாகப் பிரிக்கும் மென்பொருள் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் இயற்பியல் பேராசிரியர்தான். மற்றவர்கள் வகுப்பில் ஊர்க்கதை அளப்பது வெட்டவெளிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்.

மென்பொருள் வந்தது. தேடும் கட்டத்தில் 'வெப்பம்' என்று தட்டினார். அவருடைய வீடியோ ஒன்றுகூட வரவில்லை.

"மேடம், உங்க மெஷினுக்கு என்ன, காது அடைச்சிருக்கா?" என்று கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியையிடம் எகிறினார்.

பேராசிரியை 'மச்சான்' என்று தட்டினார். பேராசிரியரின் வீடியோக்கள் பொலபொலவென்று கொட்டின. மச்சான் வீடு கட்டியது, இவருடைய காரை இரவல் வாங்கி இடித்தது, இடித்துவிட்டு பிரேக் சரியில்லை என்று இவரையே திட்டியது. ஒவ்வொன்றிலும் இவர் கரும்பலகை முன்னால் நின்று, "உதாரணத்துக்கு என் மச்சானையே எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்தார்.

பேராசிரியருக்குக் காது சிவந்தது. "அது சும்மா ஒரு உதாரணம், மேடம்."

"இருக்கட்டும் சார். வெப்பம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இந்தப் பாடத்தையாவது முழுசா நடத்தி முடிச்சிருக்கீங்களே."

"எங்க முடிச்சேன்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் பேராசிரியர். "போன வாரம் அவன் என்ன பண்ணான் தெரியுமா?"