ஒரு சொட்டு கறுப்பு மை

பதினொன்று பத்துக்கு லேப்புக்கு முதுகுத் தண்டுநீர் வந்தது. சின்னக் குப்பியில் இரண்டு மில்லி. சீட்டில் கட்டில் எண் பதினான்கு.

ஆஸ்பத்திரி முழுக்க அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடும். இதே ஆளின் முதுகிலிருந்து எடுத்த நீரைப் பத்தொன்பது நாளைக்கு முன்பும் அவள் பார்த்திருந்தாள். உருண்டை உருண்டையாகத் தெரிந்ததை எண்ணி, ‘வெள்ளையணுக்கள் 42’ என்று எழுதினாள். அந்தத் தாளை வைத்து டாக்டர் மூளைக் காசத்துக்கு மாத்திரை தொடங்கினார். தலைவலி விடவில்லை. நேற்று இடது கண் மங்கிவிட்டது.

பூஞ்சையா என்று பார்க்க ஒரு சொட்டு கறுப்பு மை போதும். வெள்ளையணுவை மை ஒட்டி நிற்கும். பூஞ்சையை அண்டாது, சுற்றிலும் வெள்ளை வளையம் விழும்.

அன்று மை பாட்டில் காய்ந்து கிடந்தது. மூன்று மாதமாகக் கேட்டு அலுத்திருந்தாள்.

“மை எதுக்கும்மா? பேனா குடுத்திருக்கோமே, எழுத மாட்டேங்குதா?” என்று ஸ்டோர் குமாஸ்தா சிரித்தார்.

“எழுத இல்ல சார், டெஸ்ட்டுக்கு.”

“மருந்து லிஸ்ட்டுல இல்லையே. ஸ்டேஷனரில போட்டா, லேப்புக்கு எதுக்கு மைனு என்னைத்தான் குடைவாங்க.”

மை கேட்டுப் போட்ட சீட்டு திரிசங்காகத் தொங்கியது. நேற்று கண் விஷயம் காதில் விழுந்ததும் அவளே போய் ஒரு பாட்டில் வாங்கினாள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, படம் வரைகிற சாமான் விற்கும் கடை. தினமும் தாண்டிப் போகிற கடை.

ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு மை. கண்ணாடி மூடி. குனிந்தாள்.

கறுப்பில் வெள்ளை வளையங்கள். ஒன்று, ஐந்து, பத்து. ஒன்று மொட்டு விட்டிருந்தது. அன்று எண்ணிய அதே உருண்டைகள்.

வார்டுக்குப் போன் செய்தாள். நான்காவது தடவை டாக்டர் எடுத்தார்.

“பூஞ்சையா? நீங்கதானே வெள்ளையணுன்னு குடுத்தீங்க?”

“ஆமா சார்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“வந்து நீங்களே பாருங்க சார்.”

“ஊசி இன்னிக்கே போட்டாகணும். ஃபார்மசில இருக்கான்னு கேளுங்க.”

கேட்டாள்.

“இருக்கறது ஒரு நாளைக்குத்தான் வரும்க்கா,” என்றார் மருந்தாளர். “ரெண்டு வாரத்துக்கு வேணும்னா சீட்டுப் போடணும்.”

“யாருக்கு?”

“ஸ்டோருக்குத்தான்.”

அழவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது.

ஜன்னலில் பதினான்காம் கட்டில்காரரின் மனைவி நின்றிருந்தாள். பத்தொன்பது நாளும் வந்து நின்றவள்.

“ரிசல்ட் வந்துடுச்சாக்கா?”

“வந்துடுச்சும்மா. காசம் இல்ல, பூஞ்சை. மருந்து இருக்கு. இன்னிக்கே போடுவாங்க.”

“கண்ணு திரும்புமா?”

“அத டாக்டர்கிட்ட கேளும்மா.”

அவள் நகரவில்லை. மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு லேப் அக்காவின் கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

“இதுலதான் கண்டுபிடிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“ரொம்ப நேரம் ஆகுமா இதுக்கு?”

“அஞ்சு நிமிஷம்,” என்றாள் லேப் அக்கா. வாய் முந்திக்கொண்டது.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ மொதத் தடவ ஏன்க்கா பண்ணல?”