ஐம்பதாம் ஆண்டின் பெயர்ப்பட்டியல்

புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவனாக்கியிருந்தார்கள். வழவழப்பான தாள், அட்டைக்குப் பட்டுத்துணி வேறு. படுபாவிகள்.

சுவா மெங்-தெக் எங்கள் சியாயி ஊர் எழுத்தாளர். அரசாங்கத்தை எதிர்த்து எழுதிப் பத்து வருடம் தீவுச் சிறையில் கிடந்தவர். அவர் இறந்தபின் வீட்டிலிருந்த காகிதங்களை, நாற்பத்து மூன்று பெட்டி, ஓர் அறக்கட்டளை வாங்கிக்கொண்டுபோய் ஆராய்ந்து போட்ட புத்தகம் அது. என் அப்பா தியன்-லாய் அவருக்குப் பால்ய சிநேகிதர், சைக்கிள் கடைக்காரர். அந்தப் பக்கத்தில் மெங்-தெக் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைப் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள்: "தியன்-லாய் பெயர்ப்பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டான். இனிப் பயமில்லை. 50.5.12."

கீழே விளக்கம். 1950 மே பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து மெங்-தெக்கும் நண்பர்களும் கைதானார்கள், ஏழு பேரைச் சுட்டார்கள், ஆகவே பட்டியல் கொடுத்தவர் தியன்-லாய். 'இனிப் பயமில்லை' என்பது கசப்பான எள்ளலாம். அந்த மனிதர் பயமில்லை என்று எழுதினால் பயமில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு ஆராய்ச்சி எதற்கு?

சுடப்பட்ட ஏழு பேரில் ஒருவர் லியோங்-சான். அவர் மனைவி ஆ-கிம் அத்தைக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. வருடாவருடம் முன்னோர் கல்லறை துடைக்கும் நாளில் தன் கணவருக்குப் படைத்துவிட்டு, வேர்க்கடலைப் பொடி தூவிய சுருள் ரொட்டியோடு என் அப்பா கல்லறைக்கும் வருவார். இருபது வருடமாக ஒரு தடவை தவறியதில்லை. இந்த வருடம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து, "உங்கப்பன் முகத்துக்கு நான் எத்தனை ஊதுபத்தி ஏத்தியிருக்கேன். போயிடு பிக்-ஹா" என்றார். அவர் மேல் கோபமில்லை. நேரே அறக்கட்டளைக்குப் போனேன்.

இயக்குநர் தூ நாகரிகமான மனிதர். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் தொடவில்லை.

"இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது இல்ல. குடியரசு ஆரம்பிச்சதுலேருந்து எண்ணுற அரசாங்கக் கணக்குல அம்பதாம் வருஷம். அறுபத்தொண்ணு. நான் ஆறாம் கிளாஸ் படிச்சேன், அப்பாகூட நானும்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்."

"மன்னிக்கணும்மா. மெங்-தெக் ஐயா அரசாங்க ஆண்டை எழுதவே மாட்டார். அது அவரோட கொள்கை. எல்லாக் கட்டுரையிலயும் பாத்துட்டோம்."

"கட்டுரையெல்லாம் உள்ள போறதுக்கு முன்னாடி எழுதினது. வெளிய வந்தப்புறம் வாரா வாரம் போலீஸ்காரன் வந்து அவர் நோட்டைப் புரட்டுவான். அவன்கிட்டப் போய்க் கொள்கை பேசச் சொல்றீங்களா? தம்பி, உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கும்மா?"

"எடுங்கன்னா."

எடுத்தார். வாங்கிப் பார்த்தேன்.

"பொறந்த வருஷம் அறுபதுன்னு போட்டிருக்கு. அப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதா? உங்களுக்கு அம்பத்திரண்டு வயசா? பரவாயில்லை, முடிக்கு நல்லாவே மை அடிக்கிறீங்க."

"இல்லம்மா, எழுபத்தொண்ணு..." சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். காது சிவந்தது.

"உங்க வயசுன்னா பதினொண்ணைக் கூட்டிக்கத் தெரியுது. எங்கப்பன் மானம்னா கூட்டல் மறந்துபோகுது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, அறுபத்தொண்ணுன்னே வச்சுப்போம். அப்பவும் ஸ்டேஷன்ல கொடுத்த பெயர்ப்பட்டியல்னா..."

"புறாப் பட்டியல்."

அவருக்குப் புரியவில்லை. மெங்-தெக் பந்தயப் புறா வளர்த்தார். புறா சேதி கொண்டுபோகும் என்று காவல்துறைக்குப் பயம், வைத்திருப்பவர்கள் அவற்றின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்க வேண்டும். சிறையிலிருந்து வந்தவர் தன் பெயரில் கொடுத்தால் மறுநாளே கூண்டைப் பிரித்துவிடுவார்கள். அதனால் அப்பா தன் பெயரில் கொடுத்தார். அன்றைக்கு ஸ்டேஷன் அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "புறாவுக்கு எதுக்குடா மனுஷப் பேரு?" என்று கேட்டதும், "கூப்பிட்டா வரணுமே ஐயா" என்று அப்பா சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிப்போய் வேர்த்திருந்ததும் ஞாபகமிருந்தது. ஏன் வேர்த்தது என்று அப்போது தெரியாது.

"புறா நோட்டு எங்க?" என்று கேட்டேன்.

"நாங்க இலக்கியம், அரசியல், கடிதம்னு மூணு வகையாப் பிரிச்சோம்மா. மத்தது 'இதர'."

இதர! பதினொரு பெட்டி இதர. கீழ்த்தளத்தில், கழிவறைச் சுவரை ஒட்டி, அடிப்பெட்டிகள் ஈரம் ஊறிப் பூசணம் பூத்துக் கிடந்தன. கடுகுக்கீரை ஊறுகாய்க்கு எத்தனை நாள் கல் வைக்க வேண்டும் என்று ஒரு நோட்டு. எந்த வயலில் எந்தத் தவளை எப்படிக் கத்துகிறது என்று நாலு நோட்டு. சதுரங்க ஆட்டங்கள். அந்த மனிதர் வாழ்ந்ததே இந்தப் பெட்டிகளில்தான், அதைத்தான் இவர்கள் ஒரு கையால் ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்து தேடினேன். இயக்குநரும் தன் கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

எட்டாவது பெட்டியில் புறா நோட்டு இருந்தது. அதற்குள் பட்டியலின் நகல். அப்பாவின் கையொப்பம், நிலையத்தின் சிவப்பு முத்திரை, 'ஐம்பதாம் ஆண்டு ஐந்தாம் மாதம்'. ஒன்பது புறா. 'மிளகாய்' ஒன்று, 'குட்டையன்' ஒன்று. மற்ற ஏழும் மனிதப் பெயர்கள். தூ அவற்றை வாய்க்குள் படித்தார். சுடப்பட்ட ஏழு பேரின் பெயர்கள்.

அந்தப் பெயர்களை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லப் பயந்த காலம். என் அப்பா அவற்றை எழுதிக் காவல் நிலையத்துக்கே எடுத்துப்போய், அவர்கள் முத்திரையையே குத்தி வாங்கிவந்திருக்கிறார். பக்கத்தில் என்னையும் நிறுத்திக்கொண்டு! சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரையா காட்டிக்கொடுத்தவர் என்றீர்கள்?

"இது பெரிய கண்டுபிடிப்பும்மா" என்றார் தூ. "கண்ணாடிப் பேழையில வைக்கணும். அடுத்த பதிப்புல கண்டிப்பா ஒரு அடிக்குறிப்பு..."

"அடிக்குறிப்பா? திட்டினது பக்கத்து நடுவுல, மன்னிப்பு மட்டும் எறும்பு எழுத்துலயா? விக்காத புத்தகம் எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க. அப்புறம் பேசலாம்."

பட்டியலையும் புறா நோட்டையும் நகல் எடுத்துக்கொண்டு ஆ-கிம் அத்தை வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே செருப்பு உரசும் சத்தம் கேட்டது, இருக்கிறார். அங்கேயே நின்று முத்திரையைச் சொன்னேன், ஆண்டைச் சொன்னேன், அப்பா ஸ்டேஷனில் புறாப் பட்டியல் கொடுத்ததைச் சொன்னேன். பிறகு பட்டியலை உரக்கப் படித்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். நாலாவது பெயர் லியோங்-சான்.

செருப்புச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"என்ன நிறம்?" என்றார் அத்தை.

"நீலச் சாம்பல். கழுத்துல வெள்ளை."

"பந்தயத்துக்கு விட்டாங்களா?"

"மூணு தடவை. ரெண்டு தடவை வடக்கே கீலுங் துறைமுகத்துலேருந்து. ஒரு தடவை நடுக்கடல்ல கப்பல்லேருந்து."

"திரும்பி வந்துச்சா?"

நோட்டில் மெங்-தெக் எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். "லியோங்-சான். மூன்று முறையும் வீடு திரும்பினான்."

தாழ்ப்பாள் விலகியது. அத்தை வாசலில் நின்றார், கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காகிதத்துக்குக் கை நீட்டவுமில்லை. குனிந்து வெளிச்செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன்கிட்ட அப்புறம் போலாம். அவன் பொறுத்துக்குவான்" என்றார். "முதல்ல அந்தப் புத்தகம் போட்டவன் எங்க இருக்கான், காட்டு."