நாற்பத்தொரு புகார்கள்

லிஃப்ட் மெக்கானிக் அம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் லிஃப்டிடம் அவள் கோபித்துக்கொண்டதே கிடையாது. எந்த லிஃப்டும் திமிரெடுத்து நிற்பதில்லை என்பது அவளுடைய இருபது வருட அனுபவம்.

அவள் மகளைத்தான் பள்ளியே திமிர் பிடித்தவள் என்றது. ஒன்பதாம் வகுப்பு, பட்டப்பெயர் புயல். டாக்டர் கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்த சீட்டு பள்ளியில் எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை டி.சி. தருவதாகக் கடிதம் வந்துவிட்டது.

வியாழன் மதியம் மெஷின் ரூமில் அம்மா, மகளைப் பற்றிப் பள்ளி எழுதி அனுப்பும் புகார் நோட்டை விரித்தாள். அடிக்கடி நிற்கும் லிஃப்டுக்குச் செய்வதையே செய்தாள்: ஒவ்வொரு புகாரும் எந்தப் பீரியடில் என்று குறித்துக்கொண்டே போனாள். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் டி.சி. தயாராக இருந்தது. வகுப்பாசிரியர் முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"முந்தாநாள் டஸ்டரை ஜன்னல் வழியா வீசிட்டாம்மா!"

"எந்தப் பீரியட் சார்?"

"நாலாவது. அதுக்கென்ன?"

"மூணும் நாலும் உங்க கணக்கு வகுப்புதானே? நாப்பத்தொரு புகார்ல முப்பத்தெட்டு, இப்படி ரெண்டு பீரியட் சேர்ந்தாப்புல வர்ற இடத்துலதான். லேப் நாள்ல ஒண்ணுகூட இல்ல. ஒரே மாடியில லிஃப்ட் நின்னா நாங்க லிஃப்டைத் திட்ட மாட்டோம் சார், அந்த மாடியைப் பார்ப்போம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அவளை எழுப்பி ஏதாவது வேலை குடுங்க. ஒரு மாசம் போதும்."

தலைமையாசிரியை நோட்டை வாங்கி நெடுநேரம் புரட்டினார். "ஒரு மாசம். அப்புறம் நீங்க பேசக்கூடாது" என்று டி.சி.யை இழுப்பறைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் அம்மா, அங்கே காத்திருந்த மகளிடம் கேட்டாள்: "மிச்சம் மூணு?"

"அது வாய்க்கொழுப்புதாம்மா" என்றாள் புயல். அந்த மூன்றுக்கும் வீட்டில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஒரு மாதமும் அம்மா வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடி வந்தாள். தினமும் மாலை நோட்டைத் திறப்பாள். பக்கம் காலியாக இருக்கும். கடைசி நாள் மட்டும் எழுத்து இருந்தது. வகுப்பாசிரியரின் கையெழுத்து:

"இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பு முழுவதுமே எழுந்து நிற்கிறது. எனக்கும் முதுகுவலி குறைந்திருக்கிறது. டி.சி.யைத் தலைமையாசிரியை கிழித்துவிட்டார்."

அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "என்னாச்சு?" என்று கேட்டவர்களிடம் நோட்டை நீட்டினாள்.

"படிங்க! சத்தமா படிங்க! எம்பொண்ணு மேல வந்த நாப்பத்திரெண்டாவது புகார்!"